பழைய ஹாலிவுட் மியூசிக்கல்களைப் பிள்ளைகளோடு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1930களில் தொடங்கி 1960களின் கடைசிவரை ஹாலிவுட்டில் வந்த பாட்டும் நடனமுமான படங்களைப் பற்றியது இது. நாம் சொக்கிப்போன படத்தை ஆசையாகப் போட்டால், பத்தாவது நிமிடத்தில் பிள்ளை சோபாவின் பின்னால் போய் வேறு விளையாட்டைத் தொடங்கிவிடுகிறது. கேள்விகளில் பாதி அங்கிருந்து பிறப்பவைதான்.

முதலில் எந்தப் படத்தைக் காட்டுவது?

படத்தைக் காட்டாதீர்கள். ஒரு பாட்டைக் காட்டுங்கள்.

இந்தப் படங்களின் உயிர் பாட்டுகளில்தான் இருக்கிறது. பல படங்களில் கதை என்பது ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். நாலைந்து நிமிடப் பாட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அதன் ருசி குறையாது. அதிலும் முதல் முறை, மனித உடம்பால் இது முடியுமா என்று வாய்பிளக்க வைக்கும் நடனமாக இருக்கட்டும். காதல் பாட்டை நீங்கள் எவ்வளவு ரசித்தாலும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது பொறுமைச் சோதனை.

நான் தேர்ந்தெடுப்பவை இவை. 'சிங்கின் இன் த ரெய்ன்' (1952) படத்தில் டொனால்ட் ஓ'கானர் தனியாக ஆடும் நகைச்சுவை நடனம்: சோபாவோடு மல்லுக்கட்டி, கதவில் முட்டிக்கொண்டு, கடைசியில் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடிப்பார். 'ஆங்கர்ஸ் அவே' (1945) படத்தில் ஜீன் கெல்லி, டாம் அண்ட் ஜெர்ரியின் அந்த ஜெர்ரி எலியோடே ஜோடி சேர்ந்து ஆடுவார். 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தின் முடிவில் ஃபேயார்ட், ஹரோல்ட் என்ற நிக்கலஸ் சகோதரர்கள் பெரிய படிக்கட்டில் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்து, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் முழுக்க விரித்து உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து வருவார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூடப் பிடிக்காத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பார்த்து முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். சும்மா இருங்கள். "அதை எப்படிச் செய்தார்கள்?" என்று பிள்ளை கேட்கும். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியாதே.

பெரும்பாலான விஷயங்கள் எளியவை. 'ராயல் வெட்டிங்' (1951) படத்தில் ஃப்ரெட் ஆஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறை முழுவதையும் ஒரு பெரிய உருளைக்குள் கட்டியிருந்தார்கள். உருளை மெல்லச் சுழலும். கேமராவையும் அதை இயக்குபவரையும் அறையோடு சேர்த்தே பொருத்தியிருந்தார்கள். ஆகவே அறை சுற்றுவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்டேர் எப்போதும் அந்தந்த நேரத்தில் கீழே இருக்கும் பக்கத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே பார்க்கும்படி செல்போனைப் பெட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே ஒரு சிறு பந்து. வீடியோவை ஓடவிட்டுப் பெட்டியையும் போனையும் ஒன்றாக மெல்ல உருட்டுங்கள். பதிவில் பெட்டி அசையாது. பந்து மட்டும் தரையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து கூரைக்கும் ஓடும். அதன்பிறகு பிள்ளை அந்தப் பாட்டை இன்னொரு முறை போடச் சொல்லும், இந்த முறை திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்க. சாவகாசமாகக் கண்டுபிடிக்கட்டும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தனிப் பாட்டு என்றால் மூன்று, நான்கு வயதிலேயே. முழுப் படத்துக்கு ஆறு, ஏழு வரை பொறுத்திருக்கலாம். கார்ட்டூன் படங்களில் பாத்திரங்கள் பாடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஏற்கெனவே மியூசிக்கல் ரசிகர்கள்தான், அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர. 'த லிட்டில் மெர்மெய்ட்' (1989) பாட்டுகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் மேடை மியூசிக்கலிலிருந்து வந்தவர்கள். நாயகி தன் ஏக்கத்தைத் தொடக்கத்திலேயே பாடிவிடுவது மேடையில் காலங்காலமாக இருக்கும் உத்தி. 1939இல் 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் வானவில்லைப் பற்றிப் பாடியதும் அதே வேலையைத்தான் செய்தது.

சரி, முழுப் படம் என்றால் எது?

சின்னவர்களுக்கு 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' (1939). கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு 'சிங்கின் இன் த ரெய்ன்'. இரண்டுமே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'மேரி பாப்பின்ஸ்' (1964) அருமையான படம், ஆனால் 139 நிமிடம். வங்கிக் காட்சிகளில் சின்னவர்கள் நெளிவார்கள். அதே வங்கியில் ஒரு வேடிக்கையும் உண்டு. தள்ளாடும் கிழட்டு முதலாளியாக வருபவரும், படம் முழுக்க ஆடிப்பாடும் பெர்ட்டும் ஒரே நடிகர், டிக் வான் டைக். படத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியலில் கிழவராக நடித்தவரின் பெயர் எழுத்துகள் கலைந்த நிலையில் வந்து, பிறகு தாமாக ஒழுங்காகி உண்மையைச் சொல்லும். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' 174 நிமிடம். எந்தக் குழந்தை உட்காரும்?

உட்கார வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் திரையரங்கிலேயே இடைவேளை விட்டார்கள். விருந்து முடிந்த இரவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மரியா யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் இடைவேளை. அங்கே நிறுத்தி மறுநாள் தொடருங்கள். முதல் பாதியில் மலை, பொம்மலாட்டம், சுரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டு என்று எல்லாக் கொண்டாட்டமும் வந்துவிடும். இரண்டாம் பாதியில் கல்யாணமும் நாஜிகளும். ஐந்து வயதுக் குழந்தை இரண்டாம் பாதியை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தாலும் குடி முழுகிப் போகாது.

'த விசர்ட் ஆஃப் ஆஸ்' சூனியக்காரியைப் பார்த்து மகள் பயந்து அழுதுவிட்டாள். நிறுத்திவிடவா?

அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். "இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பச்சை முகம், பறக்கும் குரங்குகள், மணல் கடிகாரம்: பயமுறுத்துவதற்கென்றே யோசித்துச் செய்தவை. பெரியவர்களான நமக்கே அந்தக் குரங்குகள் லேசாகக் கலக்கத்தான் செய்கின்றன.

சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் நடிக்க வருவதற்கு முன் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தன்னைப் பார்த்துக் குழந்தைகள் மிரள்வது அவருக்கே வருத்தம். 1975இல் மிஸ்டர் ரோஜர்ஸின் அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து, இது வெறும் வேடம்தான் என்று விளக்கி, சூனியக்காரியின் உடையைக் குழந்தைகள் கண்ணெதிரிலேயே போட்டுக் காட்டினார். அந்தத் துணுக்கு கிடைத்தால் படத்துக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். உடைக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகும்.

'சிட்டி சிட்டி பேங் பேங்' (1968) படத்தில் மிட்டாய் காட்டிக் குழந்தைகளைப் பிடிக்கும் ஆசாமி இந்தச் சூனியக்காரியைவிட மோசம். அதை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

"ஏன் திடீரென்று பாடுகிறார்கள்?" என்று பையன் கேட்கிறான்.

நியாயமான கேள்வி. தொடக்கத்தில் ஹாலிவுட்டுக்கே இந்தத் தயக்கம் இருந்தது. அதனால் 1933இல் வந்த 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' போன்ற படங்களில் பாத்திரங்களே மேடைக் கலைஞர்களாக இருப்பார்கள். ஒத்திகையில் பாடுவார்கள், மேடையில் ஆடுவார்கள். பாட்டுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதில் பஸ்பி பெர்க்லி அமைத்த நடனங்களில் கேமரா உச்சிக்குப் போய்க் கீழே பார்க்கும். ஆடுபவர்கள் பூவாகவும் சக்கரமாகவும் விரிவார்கள். திரைக்குள் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் அந்தக் கோணத்தில் பார்க்கவே முடியாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு அந்தக் காரணமும் தேவையில்லாமல் போயிற்று. பேச்சு போதாத இடத்தில் பாட்டு, பாட்டும் போதாவிட்டால் நடனம் என்று ஆகிவிட்டது. 'சிங்கின் இன் த ரெய்ன்' படத்தில் கெல்லி மழையில் ஆடும் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்று பையனைக் கேளுங்கள். காதலியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருகிறான், காரை வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறான், குடையையும் மடக்கிவிடுகிறான். அவ்வளவு சந்தோஷத்தோடு ஒருவன் நேராக நடந்து போனால்தான் அது ஆச்சரியம். அந்த நடனத்தை எடுத்தபோது கெல்லிக்குக் காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். பையன்களுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

ஆங்கிலம் சரியாகப் புரியாத பிள்ளைக்கு?

நடனத்துக்குச் சப்டைட்டில் வேண்டாம். ஆகவேதான் மீண்டும் சொல்கிறேன், பாட்டில் தொடங்குங்கள். முழுப் படம் பார்க்கும்போது கதையை ஐந்து வரியில் முன்பே சொல்லிவிடுங்கள். முடிவையும் சேர்த்தே சொல்லலாம். முடிவு தெரிந்த கதையைக் குழந்தைகள் இன்னும் நிம்மதியாகப் பார்க்கும். வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும், பாட்டு கேட்காது.

வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஆங்கிலச் சப்டைட்டிலையே போட்டுவிட்டுப் பாடச் சொல்லுங்கள். அர்த்தம் பிறகு வரும். 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் அந்த நீளமான சொல்லுக்கு ஆங்கிலம் தெரிந்தவருக்கும் அர்த்தம் கிடையாது.

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

வண்ணப் படத்தை முதலில் காட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் நாயகி டோரதி கதவைத் திறக்கும் நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பழுப்பு நிற வீட்டுக்குள்ளிருந்து பளபளக்கும் வண்ண உலகத்துக்கு ஒரே ஷாட்டில் போகிறோம். வீட்டின் உட்புறத்துக்கே பழுப்பு வண்ணம் பூசி, பழுப்பு உடை போட்ட வேறொரு பெண்ணைக் கதவைத் திறக்கவைத்து வண்ணக் கேமராவில் எடுத்தார்கள். அவர் சற்று விலக, நீல உடையில் ஜூடி கார்லண்ட் வெளியே நடந்து வருவார். டெக்னிகலர் என்ற அந்தக் கால வண்ணப்பட முறையின் கேமரா ஒரே நேரத்தில் மூன்று படச்சுருள்களில் பதிவுசெய்யும் பெரிய பெட்டி. அதற்கு ஏகப்பட்ட வெளிச்சம் தேவைப்பட்டதால் படப்பிடிப்புத் தளம் அடுப்பாகக் கொதித்தது. கதைப்புத்தகத்தில் வெள்ளியாக இருந்த காலணி படத்தில் சிவப்பானதற்கும் டெக்னிகலர்தான் காரணம். சிவப்பு பளிச்சென்று தெரியுமே.

அவர்களே சொந்தக் குரலில் பாடுகிறார்களா?

சிலர். ஜூலி ஆண்ட்ரூஸ், ஜூடி கார்லண்ட் எல்லாம் சொந்தக் குரல்தான். ஆனால் 'த கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) நட்டாலி வுட், 'மை ஃபேர் லேடி'யில் (1964) ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய மூவர் பாடும்போதும் நாம் பெரும்பாலும் கேட்பது மார்னி நிக்சன் என்ற ஒரே பாடகியின் குரல். நமக்குப் பின்னணிப் பாடகர் என்றால் பெயரும் புகழும். ஹாலிவுட்டில் அது மூடி மறைக்க வேண்டிய ரகசியம். படங்களில் அவர் பெயரே போடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' போங்கள். மரியாவை என்ன செய்வது என்று கன்னியாஸ்திரீகள் பாடும் பாட்டில் அவரும் ஒருவர், சகோதரி சோஃபியா. அதே படத்தில் தந்தையாக வரும் கிறிஸ்டோஃபர் ப்ளம்மருக்குப் பாடியவர் பில் லீ.

மேடையில் 'மை ஃபேர் லேடி' நாயகியாகப் பாடிப் பெயர் வாங்கியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். திரைக்கு வரும்போது அவரை விட்டுவிட்டு ஹெப்பர்னை எடுத்தார்கள். ஆண்ட்ரூஸ் அதே ஆண்டு 'மேரி பாப்பின்ஸ்' செய்து சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை.

இன்னும் குறும்பு 'சிங்கின் இன் த ரெய்ன்'. கீச்சுக் குரல் நட்சத்திரம் லீனாவுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து டெபி ரெய்னால்ட்ஸ் குரல் கொடுப்பதுதான் கதையே. நிஜத்தில் அப்படிக் குரல் கொடுக்கும் காட்சியில் லீனாவின் பேச்சாக நாம் கேட்பது, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல். ரெய்னால்ட்ஸ் பாடுவதாகக் காட்டும் பாட்டைப் பாடியவர் பெட்டி நோய்ஸ். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் இதைப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கும், ஆனால் புரிந்ததும் சிரிப்பார்கள்.

இந்தப் படங்களில் இனவெறி இருக்கிறதே. அதை என்ன செய்வது?

இருக்கிறது. மழுப்புவதில் பிரயோஜனமில்லை. 'ஸ்விங் டைம்' (1936) படத்தில் ஆஸ்டேர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகிறார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெண்ணாக வெள்ளைக்கார நட்டாலி வுட். அந்தத் தீவிலேயே பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் தோலைக் கருப்பாக்கும் ஒப்பனை போட்டார்கள். அது தனக்கு எவ்வளவு கசந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் காட்சிகளைத் தாண்டி ஓட்டிவிடலாமா? சின்னக் குழந்தை என்றால் ஓட்டிவிடுவேன். எட்டு வயதுக்கு மேல் என்றால் காட்டிவிட்டுப் பேசுவேன். "அப்போதெல்லாம் அப்படித்தான்" என்று முடித்துவிடாதீர்கள். அப்போதே அதனால் காயப்பட்டவர்கள் இருந்தார்கள். லீனா ஹார்ன் பெரிய பாடகி. எம்ஜிஎம் என்ற பட நிறுவனத்தின் படங்களில் அவர் பாட்டுகளைப் பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலத் திரையரங்குகள் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை ஓட்டுவதற்கு வசதியாக. இதைக் கேட்ட பிள்ளை 'ஸ்டார்மி வெதர்' படத்தைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அதில் ஹார்ன் நாயகி, பில் ராபின்சன் நாயகன். எம்ஜிஎம்மிலிருந்து ஹார்னை இரவல் வாங்கி வேறு நிறுவனம் எடுத்த படம் அது. நிக்கலஸ் சகோதரர்களைத் தொடக்கத்திலேயே காட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் கலையை உருவாக்கியவர்களில் கறுப்பினக் கலைஞர்கள் முன்வரிசை. காலணித் தட்டலாலேயே தாளம் போடும் டேப் நடனமே பெருமளவு அவர்கள் வழியாக வந்தது. திரையில் ஆஸ்டேரையும் கெல்லியையும் மட்டும் பார்த்து வளர்ந்தால் இது தெரியாமலே போய்விடும்.

பெண்களைக் காட்டும் விதம்?

'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) படத்தில் அண்ணன் தம்பிகள் பெண்களைக் கடத்திவந்து கல்யாணம் செய்கிறார்கள். களஞ்சியம் கட்டும் விழாவுக்கு மைக்கேல் கிட் அமைத்த நடனம் அபாரம். அதை மட்டும் பாருங்கள். மீதிப் படத்துக்கு அவசரமில்லை.

'த சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் வரும் வான் ட்ராப் குடும்பம் நிஜமா?

குடும்பம் நிஜம், சம்பவங்களில் பல கற்பனை. மரியாவுக்கும் பிள்ளைகளின் தந்தையான கேப்டனுக்கும் கல்யாணம் நடந்தது 1927இல். நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தது 1938இல். நடுவில் பதினோரு வருடம், அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். மரியா வந்தது எல்லாருக்கும் பராமரிப்பாளராக அல்ல, உடல்நிலை சரியில்லாத ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தர. மலையேறித் தப்பவும் இல்லை. ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். வீட்டில் வரைபடம் இருந்தால் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்: சால்ஸ்பர்க்கின் மலையைத் தாண்டி நடந்தால் ஜெர்மனிக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

பதினான்கு வயது. "போர் அடிக்குதுப்பா" என்கிறான். என்ன வழி?

வற்புறுத்தினால் ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டான். அவனுக்கு எதில் ஆர்வம் என்று பாருங்கள். வீடியோ எடுப்பவன் என்றால் ஆஸ்டேர் நடனங்களில் எத்தனை கட் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தலை முதல் கால்வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், வெட்டு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் ஆஸ்டேர் பிடிவாதமானவர். இன்றைய பாட்டு வீடியோ ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் தானே தெரியும். ஒலியில் ஆர்வமுள்ளவனிடம், டேப் நடனக் காலடிச் சத்தத்தைப் பெரும்பாலும் படம்பிடித்த பிறகு தனியாகப் பதிவுசெய்து சேர்த்தார்கள் என்று சொல்லுங்கள். உதடு, கால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தோண்ட ஆரம்பித்துவிடுவான். அதற்கும் மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

புதிதாக எடுத்த பதிப்பை முதலில் காட்டலாமா?

தாராளமாக. ஸ்பீல்பெர்க் எடுத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (2021) பெரிய பிள்ளைகளுக்கு நல்ல நுழைவாயில். பழைய படத்தில் அனிட்டாவாக வந்த ரீட்டா மொரேனோ இதில் கடைக்காரப் பாட்டி வாலென்டினாவாக வருகிறார். இரண்டையும் பார்க்கும் பிள்ளைக்கு அறுபது வருட இடைவெளியில் அதே முகத்தைக் கண்டுபிடிக்கும் வேலையும் இருக்கிறது.

மகளுக்கு ஒரே பாட்டுதான். தினமும் அதையேதான் போடச் சொல்கிறாள். அடுத்ததுக்குப் போவது எப்படி?

போக வேண்டாம். அவளுக்குப் பாட்டு பிடித்திருக்கிறது, நமக்குத்தான் அலுத்துவிட்டது. அதே ஆள் ஆடிய இன்னொரு பாட்டை, அவள் கேட்டது முடிந்த கையோடு, ஒன்றும் சொல்லாமல் ஓடவிடுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு வேறொரு நாள் பார்க்கலாம்.